சட்டை மாற்றும் இரத்தக் கிருமி

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் தமிழில் உண்டு. கால்நடையையே செல்வமாகக் கொண்டு வாழும் மக்கள் இன்றும் உலகின் பல பாகங்களில் உள்ளனர். அச்செல்வத்தை இரத்தத்தினுள் புகுந்து அழிக்கும் பகைவர்களுள் ஒன்று, டிரிபனோசோமா என்னும் ஓரணுக் கிருமி. அதைக் கண்டறிந்தது ஒரு வரலாறு. அதை ஏன் வெல்ல இயலவில்லை என்பதைக் கண்டறிந்தது மற்றொரு வரலாறு.

1880-ஆம் ஆண்டில், இன்று பாகிஸ்தானிலுள்ள தேரா இஸ்மாயில் கானில், குதிரைகளும் ஒட்டகங்களும் ‘சுர்ரா’ நோயால் மெலிந்து மடிந்தன. காரணமறிய முனைந்த கிரிஃபித் இவான்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர், அவற்றின் இரத்தத்தில் நெளியும் கிருமிகளைக் கண்டார். அவ்விரத்தத்தை நலமாயிருந்த விலங்குகளுக்கு ஏற்றியபோது அவையும் நோயுற்றன. ஆயினும், இத்தகைய உயிர்கள் தீங்கற்றவை என்று கூறி, அக்காலப் பெரியோர் அவர் முடிவை ஏற்கவில்லை. 1917-இல்தான் மேரி கிங்ஸ்லி பதக்கம் அவரைத் தேடி வந்தது. டிரிபனோசோமா இவான்சி என அவர் பெயரைத் தாங்கிய இக்கிருமி, மலேசியா உள்ளிட்ட ஆசிய நாடுகளின் மாடு, எருமைகளையும் பற்றுவதாகும்.

1894-இல் தென்னாப்பிரிக்காவின் சூலுலாந்துக்குச் சென்ற டேவிட் புரூஸ், மாடுகளை வாட்டிய ‘நகானா’ நோயிலும் இதன் நெருங்கிய உறவான கிருமியைக் கண்டார். டிசெட்சி என்னும் ஈ அதைப் பரப்புவதையும் நிறுவினார்.

எதிரி யார் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் உடலின் எதிர்ப்பாற்றல் அவனை ஏன் ஒழிக்கவில்லை? 1910-இல் ரொனால்ட் ராஸும் டேவிட் தாம்சனும், இவ்வினக் கிருமியால் தூக்கநோய் கண்ட ஒருவரின் இரத்தத்தை நாள்தோறும் சோதித்துக் கிருமிகளை எண்ணினர். எண்ணிக்கை அலைபோல் எழுந்து, வீழ்ந்து, மீண்டும் எழுந்தது. வீழ்ந்தவை எவ்வாறு மீண்டன என்பது விளங்கப் பல்லாண்டுகள் சென்றன.

1969-இல் கீத் விக்கர்மன் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் துணையால், விலங்கின் இரத்தத்திலுள்ள கிருமி தடித்த மேலுறை ஒன்றைப் போர்த்தியிருப்பதை விளக்கினார். ஈயின் குடலுக்குள் சென்றதும் அவ்வுறை மறைகிறது. ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் மறுபடியும் தோன்றுகிறது. 1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கிராஸ் அவ்வுறையின் புரதத்தைப் பிரித்தெடுத்தார். கிருமியின் ஒவ்வொரு வகையிலும் அப்புரதத்தின் அமைப்பு வேறுபட்டிருந்தது. புதிர் அவிழ்ந்தது.

ஒரு கிருமியின் மேல் ஏறத்தாழ ஒரு கோடிப் புரத மூலக்கூறுகள் நெருங்கி நின்று, அடியிலுள்ளவற்றை மறைக்கின்றன. உடல் அப்புரதத்தை அடையாளங்கண்டு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. கிருமிகள் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. அதற்குள் ஒரு சில மட்டும், தற்செயலாக, வேறு புரதச் சட்டைக்கு மாறிவிடுகின்றன. பழைய எதிர்ப்பொருள் அவற்றை அறியாது. எனவே அவை பெருகுகின்றன. அடுத்த அலை எழுகிறது. பாம்பு சட்டையை உரித்தாலும் அதன் நிறம் மாறுவதில்லை. இக்கிருமியோ ஆளே மாறியதுபோல் வருகிறது.

2005-இல் இக்கிருமியின் மரபுத்தொகுதி வெளியிடப்பட்டபோது அதன் பெட்டகம் திறந்தது. மேலுறைப் புரதத்துக்கான மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை சிதைந்தவை. எனினும் கந்தல்களை ஒட்டுப்போடுவதுபோல், அவற்றின் துண்டுகளை இணைத்துப் புதுச் சட்டை செய்யவும் கிருமிக்கு இயல்கிறது. இதனாலன்றோ தடுப்பூசி முயற்சிகள் தோல்வி கண்டன!

அப்படியானால் மாறாத புரதம் ஏதுமில்லையா? ஆப்பிரிக்காவில் மாடுகளைத் தாக்கும் மற்றோர் இனமான டிரிபனோசோமா விவாக்ஸில் அத்தகைய ஒன்றை, 2021-இல் கவின் ரைட் குழுவினர் அறிவித்தனர். அது கிருமியின் சாட்டை போன்ற உறுப்பில் உள்ளது. சுண்டெலிகளுக்கு அது பாதுகாப்பு அளித்தது. சுண்டெலி வேறு, மாடு வேறு என்பதை மறத்தலாகாது. எனினும் சட்டையை விட்டு ஆளைப் பார்க்கும் வழி இதுவே. ஆப்பிரிக்காவில் டிசெட்சி ஈ வாழும் நிலப்பரப்பு ஏறத்தாழ 1 கோடி சதுர கிலோமீட்டர். அங்கு ஏர்மாட்டை இழக்கும் உழவன் அவ்வாண்டு விளைச்சலையும் இழக்கிறான். அவனுக்கு அந்த மாறாத புரதமே நம்பிக்கை.