தோலுக்கடியில் ஒரு நரம்புத் தூண்டி: காலிழந்தவரின் வலி எவ்வளவு குறையும்?

2009 மே மாதத்தோடு ஷெல் சத்தம் நின்றது. உடலுக்குள் ஏறிய இரும்புத் துண்டின் குத்தும், மிதிவெடியில் போன காலின் எரிவும் பலருக்கு நிற்கவில்லை. இல்லாத காலின் பெருவிரல் இரவில் முறுக்கி இழுக்கிறது என்று ஒருவர் சொன்னால், வீட்டிலுள்ளவர்களுக்கே அதை நம்புவது கடினம். அப்படியானவர்களின் கைத்தொலைபேசிக்கு வெளிநாட்டு உறவுகள் வீடியோக்கள் அனுப்புவதுண்டு. தோலுக்கடியில் மெல்லிய கம்பி ஒன்றை வைக்கிறார்கள், உள்ளே பற்றரி இல்லை, வெளியே வயர் தொங்குவதில்லை, வலி போய்விடும் என்கிறார்கள். "பணம் பார்த்து அனுப்பட்டுமா?" என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்லுமுன் தெரிந்திருக்க வேண்டியவை இங்கே.

உடப்பிலிருந்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சிலாபம்–புத்தளம் வீதியில் பத்துளு ஓயாவிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் வரும் இந்தத் தமிழ் மீனவக் கிராமம் போர்முனையாக இருந்ததில்லை. ஆனால் வடக்கு, கிழக்குக்கு வெளியே வாழும் ஒரு தமிழருக்கு நாட்பட்ட நரம்பு வலி இருந்தால் அவர் எங்கே போவது என்ற கேள்வி இங்கே கூர்மையாகத் தெரிகிறது. செயற்கைக் காலிலும் புனர்வாழ்விலும் நீண்ட அனுபவமுள்ள ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்குகிறது. நரம்பியல் விசேட சிகிச்சைக்குக் கொழும்பு. இடையில் இருப்பவருக்கு இரண்டுமே தூரம்.

உடப்பில் வலி பற்றிப் பேசினால் தீமிதிப்பையும் பேசத்தான் வேண்டும். ஆடியில் திரௌபதை அம்மன் ஆலயத்தில் விரதமிருந்து தணலில் நடப்பவர்களை இந்த ஊர்ப் பிள்ளைகள் சிறுவயது முதல் பார்க்கிறார்கள். கால் தணலில் படும் நேரம் குறைவு, தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்று பௌதிகம் படித்தவர்கள் விளக்குவார்கள். அது சரிதான். ஆனால் மனம் எங்கே நிற்கிறது என்பதும் வலியை மாற்றும் என்பது நடப்பவருக்குத் தெரியும். வைத்திய விஞ்ஞானம் அதை ஒப்புக்கொள்ள 1965 வரை காத்திருந்தது.

அந்த வருடம் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இருவர், முள்ளந்தண்டு நரம்பில் வலிக்கு ஒரு "படலை" இருக்கிறது என்று எழுதினார்கள். தொடுகையைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்தால் அந்தப் படலை ஒருக்களித்து மூடும். மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலி முழுதாக மேலே போகாது. கரைவலை இழுத்த தோளை எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சற்று இதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வருடம் கழித்து, வோலும் வில்லியம் ஸ்வீட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் நரம்பில் மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தி வலியை அடக்கிக் காட்டினார்கள். முதலில் தங்கள் முகத்து நரம்பிலேயே சோதித்தார்கள். அதே 1967 இல் நோர்மன் ஷீலி என்பவர் புற்றுநோயாளி ஒருவரின் முள்ளந்தண்டில் முதல் தூண்டியைப் பொருத்தினார்.

அதன் பின் வந்த கருவிகள் இதயத்துடிப்புக் கருவி போன்றவை. வயிற்றிலோ இடுப்பிலோ தோலுக்கடியில் ஒரு பற்றரிப் பெட்டி, அதிலிருந்து முள்ளந்தண்டுவரை வயர். பற்றரி தீர்ந்தால் மறுபடி வெட்ட வேண்டும். வயர் இடம் மாறலாம், முறியலாம். தொற்று ஏற்பட்டோர் ஆய்வுக்கு ஆய்வு 3 முதல் 7 வீதம்வரை என்று 2021 இல் வந்த கொக்ரேன் மீளாய்வு கூறியது.

வயரில்லாக் கருவி அந்தப் பெட்டியை வெளியே எடுத்துவிட்டது. வலிக்குக் காரணமான நரம்பின் பக்கத்தில் மெல்லிய கம்பி ஒன்றை மட்டும் செலுத்துகிறார்கள். அதன் நுனியில் மின்முனைகள், மறுமுனையில் சக்தியை வாங்கும் பகுதி. தோலின் மேல் ஒட்டும் அல்லது பட்டியால் கட்டும் வெளிக்கருவி அதற்குச் சக்தி அனுப்புகிறது. ரேடியோ இப்படித்தான் காற்றிலிருந்து அலையை வாங்குகிறது. 2015 இல் ஸ்டிம்ரவுட்டர் என்ற இத்தகைய கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. 2025 இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரேடியோ அலைக்குப் பதிலாக மீயொலி அலையால் இயங்கும் தூண்டி ஒன்றை வெளியிட்டார்கள். அது எலிகளில் சோதிக்கப்பட்ட கருவி. வீடியோவில் அதைக் கண்டால் மனிதருக்குக் கிடைக்கும் சிகிச்சை என்று எண்ண வேண்டாம்.

சரி, வலி எவ்வளவு குறைகிறது? ஸ்டிம்ரவுட்டரை 94 நோயாளிகளில் சோதித்தார்கள். மூன்று மாதத்தில் 38 வீதமானோருக்குப் பயன் தெரிந்தது. மின்துடிப்பு இல்லாத போலிக் குழுவில் 10 வீதம். பயன் என்றால் வலி போனது என்று அர்த்தமில்லை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றுதான். காலிழந்தவர்களிடம் நடந்த சோதனை ஒன்று 2019 இல் வெளியானது. அதில் பயன்பட்டது வேறு வகைக் கருவி: கம்பி தோலின் வழியே வெளியே வரும், 60 நாளில் உருவி எடுத்துவிடுவார்கள். முதல் நான்கு வாரத்தில் தூண்டல் பெற்ற 12 பேரில் 7 பேருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது. போலிக் குழுவின் 14 பேரில் 2 பேருக்கு. நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் மொத்தம் ஒரு பேருந்தில் அடங்கும் ஆட்கள். மறுபக்கம், நோர்வேயில் முதுகுச் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் கால்வலி தீராத 50 பேரிடம் முள்ளந்தண்டுத் தூண்டியை மாறி மாறி இயக்கியும் நிறுத்தியும் பார்த்தார்கள். 2022 இல் வந்த முடிவு: இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வலியில் எதிர்பார்ப்பே பாதி மருந்து. அதனால்தான் போலிக் குழு இல்லாத ஆய்வுகளையும், "எனக்குச் சுகமாகிவிட்டது" என்ற வீடியோக்களையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பணம் அனுப்ப யோசிப்பவர்கள் ஸ்டிம்வேவ் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வயரில்லாத் தூண்டிகளில் முன்னணியில் நின்ற அமெரிக்க நிறுவனம் அது. வைத்தியர்களுக்கு ஒரு கருவியை ஏறக்குறைய 16,000 டொலருக்கு விற்றது. டொலரை 300 ரூபாவாக வைத்தால் 48 இலட்சம். உள்ளே வைக்க வேண்டிய வாங்கிப் பகுதி 23 சென்ரிமீற்றர் நீளம்; சிலரின் உடலில் அதை வைக்க இடமில்லை என்று வைத்தியர்கள் முறையிட்டார்கள். நிறுவனம் வெட்டிச் சுருக்கக்கூடிய இன்னொரு துண்டைக் கொடுத்தது. அது முழுக்கப் பிளாஸ்ரிக். எந்த அலையையும் வாங்காது, எந்த வேலையும் செய்யாது. அப்படியொரு துண்டை வைப்பதற்காக மனிதர்களின் உடலைக் கீறினார்கள். நிறுவனத்தின் முன்னாள் தலைமை அதிகாரி லோரா பெரிமனை 2024 இல் நியூயோர்க் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டு ஆறு வருடச் சிறைத்தண்டனை விதித்தது. அந்தத் தொழில்நுட்பமே பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. கடுமையான கண்காணிப்புள்ள நாட்டிலேயே இது நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பிரித்தானியாவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு விபரம். அங்கே முள்ளந்தண்டுத் தூண்டியை நரம்பு வலிக்கு அரச சுகாதார சேவை 2008 முதல் ஏற்றுக்கொண்டுள்ளது. வேறு சிகிச்சைகள் செய்தும் ஆறு மாதத்துக்கு மேல் வலி நீடிக்க வேண்டும், நூற்றுக்கு ஐம்பதுக்குக் குறையாத வலியாக இருக்க வேண்டும், முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்துப் பலன் தெரிய வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையை எந்த நாட்டில் யார் கருவி வைக்கச் சொன்னாலும் கேளுங்கள். தற்காலிகச் சோதனை இல்லாமல் நேரே நிரந்தரமாக வைக்கலாம் என்பவரிடம் அவசரப்பட வேண்டாம். கடலில் இறங்கி வேலை செய்பவர் இன்னொன்றும் கேட்க வேண்டும்: தோலில் ஒட்டும் வெளிக்கருவியைத் தண்ணீரில் கழற்ற வேண்டுமானால், வேலை நேரத்தில் அதனால் என்ன பயன்?

விலை குறைந்த வழிகள் முதலில் வர வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களின் நடுப்பகுதியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்து ஒரு சிகிச்சையைக் கண்டார். இரண்டு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் காலை அசைத்தபடி அதன் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். இல்லாத கால் அசைவதாக மூளை எடுத்துக்கொள்ளும். 2007 இல் அமெரிக்க இராணுவ வைத்தியசாலையொன்றில் தினம் 15 நிமிடம், நான்கு வாரம் இப்படிச் செய்த 6 பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடியைப் பார்த்த 6 பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. சிறிய ஆய்வு, பின்வந்தவை எல்லாம் இதே அளவு சொல்லவில்லை. ஆனால் செலவு ஒரு கண்ணாடி. தோலின் மேல் ஒட்டும் டென்ஸ் கருவியும் அதே படலைத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது, சத்திரசிகிச்சை வேண்டாம். அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மாத்திரைகள் நரம்பு வலிக்கென்றே கொடுக்கப்படுபவை. தூக்கம் வருகிறது என்று அவற்றைத் தானாகத் திடீரென நிறுத்த வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வலியின் வகை தெரிய வேண்டும். செயற்கைக் கால் சரியாகப் பொருந்தாமல் உரசினாலோ, துண்டித்த இடத்தில் கிருமி இருந்தாலோ, ஷெல் துண்டு நரம்பை அழுத்தினாலோ தூண்டி அதற்குரிய சிகிச்சை அல்ல. படலையை எழுதிய அதே மெல்சாக் 1975 இல் வலிச் சொற்களைத் தொகுத்து ஒரு வினாக்கொத்தே செய்தார். நோயாளி எந்தச் சொல்லைத் தெரிவுசெய்கிறார் என்பதே நோயைக் காட்டும் என்பதால். தமிழில் அந்தச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எரிவு வேறு, கடுப்பு வேறு, உளைவு வேறு. விறைப்பு, குத்து, கரண்ட் அடித்ததுபோல் சுளீரென்று இழுப்பது, எறும்பு ஊர்வதுபோல் இருப்பது எல்லாம் வேறு வேறு. எரிவும் கரண்டும் ஊர்வதும் நரம்பைக் காட்டும். தமிழ் தெரியாத வைத்தியரிடம் இவை எல்லாம் சிங்களத்தில் "ரிதெனவா" என்ற ஒற்றைச் சொல்லாகிவிட்டால், கிடைப்பது பரசிற்றமோல்தான். இரு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் எங்கே, எப்போது, எப்படி வலிக்கிறது என்பதை ஒரு தாளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவித்துக் கொண்டுபோங்கள்.

உடலில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ ஸ்கானுக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஷெல் துண்டுகள் பெரும்பாலும் உருக்கு. ஸ்கானின் காந்தம் அவற்றை அசைக்கலாம், சூடாக்கலாம். கண்ணுக்கும் முள்ளந்தண்டுக்கும் அருகில் இருப்பவை ஆபத்தானவை. தூண்டி பொருத்தியவர்களுக்கும் எல்லா ஸ்கானும் ஒத்துவராது, கருவியோடு தரும் அட்டையைக் காட்ட வேண்டும். பழைய எக்ஸ்ரே படங்கள் வீட்டில் இருந்தால், மங்கியிருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். எந்தத் துண்டு எங்கே இருந்தது என்பதற்குப் பலரிடம் இருக்கும் ஒரே பதிவு அதுதான்.