எர்ஸ்கின் பிரபுவும் தமிழகமும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

தென்காசிக்கு மேற்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர்த் தொலைவில் செங்கோட்டை அமைந்துள்ளது. இன்று இவ்விரண்டும் தென்காசி மாவட்டத்து ஊர்கள். ஆயின், 1930களில் இவை இருவேறு ஆட்சிகளுக்கு உட்பட்டிருந்தன. செங்கோட்டை திருவிதாங்கூர் அரசைச் சார்ந்தது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்தவை. 1936 நவம்பர் 12 ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா கோயில் நுழைவுப் பேரறிக்கையை வெளியிட்டார். அரசின் பொறுப்பிலிருந்த கோயில்களில் இந்துக்கள் எவரும், எக்குலத்துப் பிறந்தோராயினும், புகுந்து வழிபடலாம் என்பது அதன் பொருள். எல்லைக்கு மேற்கே ஒரே நாளில் வந்த அவ்வுரிமை, எல்லைக்குக் கிழக்கே, பராக்கிரம பாண்டியன் எடுத்த தென்காசிப் பெருங்கோயிலின் வாயிலுக்கு வரவில்லை. அக்கோயிலின் இராசகோபுரம் அந்நாளில் பிளவுண்டு மொட்டைக் கோபுரமாக நின்றது. 1990 இல்தான் அது மீண்டும் முழுமை பெற்றது.

மேற்கே மன்னர் ஒருவரின் ஆணை செய்ததை, கிழக்கே யார் செய்திருத்தல் கூடும்? சென்னை மாகாணத்தின் தலைமையில் அப்போது இருந்தவர் எர்ஸ்கின் பிரபு. தமிழக வரலாற்று நூல்களில் இவர் பெயர் பெரும்பாலும் ஒரே இடத்தில், கட்டாய இந்தியை நீக்கிய ஆளுநர் என்ற அளவில், காணப்படுகின்றது. அவருடைய குடி, பயிற்சி, ஆட்சி முறை ஆகியவற்றை ஒருங்கு வைத்து நோக்கி, அவர் பெயரால் நிகழ்ந்தவற்றுள் அவருக்கு உரியது எவ்வளவு என வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியும் பயிற்சியும்

ஜான் பிரான்சிசு ஆஷ்லி எர்ஸ்கின் 1895 ஏப்ரல் 26 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மார், கெல்லி என்னும் இரு ஸ்காட்லாந்துப் பட்டங்களுக்கும் உரிய ஏர்ல். தாயார் ஷாப்ட்சுபரி ஏர்லின் மகளார். ஈட்டன் பள்ளியிலும் ஆக்சுபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிலும் பயின்ற எர்ஸ்கின், முதல் உலகப் போரில் ஸ்காட்சு கார்ட்சு படையில் பணிபுரிந்தார். 1919 இல் பிரிஸ்டல் மார்க்குவிசின் மகளாரை மணந்தார். இவ்வாறு பிறப்பாலும் மணத்தாலும் பிரித்தானிய உயர்குடியின் நடுவில் வாழ்ந்தவர் இவர்.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. 'பிரபு' எனப்பட்ட ஒருவர் பிரபுக்கள் சபையில் அமராது, மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் அமர்ந்தது எங்ஙனம்? ஏர்லின் மூத்த மகனுக்குத் தந்தையின் துணைப்பட்டம் ஒன்றை மரியாதை கருதி வழங்குதல் பிரித்தானிய வழக்கு. அப்பட்டம் பெயரளவினது, பிரபுக்கள் சபையில் இடம் தருவதன்று. ஆதலின் அவர் ஏனையோர் போலவே வாக்குக் கேட்டு வெல்ல வேண்டியவராயினார். 1922 இல் வெஸ்டன்-சூப்பர்-மேர் தொகுதியில் பழமைக் கட்சியின் சார்பில் வென்றார். 1923 இல் அத்தொகுதியை இழந்தார். 1924 இல் மீண்டும் வென்று 1934 வரை உறுப்பினராய் இருந்தார். 1932 இல் அரசுத் தரப்பின் துணைக் கொறடாக்களுள் ஒருவராகவும் பணியாற்றினார்.

கொறடாவின் பணி மேடைப் பேச்சன்று. உறுப்பினர் மனநிலையை அறிதல், எதிர்ப்பின் வலிமையைக் கணக்கிடுதல், தலைமைக்கு உண்மை நிலையை உரைத்தல் ஆகியனவே அப்பணியின் கூறுகள். பிற்காலத்தில் சென்னையிலிருந்து அவர் அரசப்பிரதிநிதிக்கு எழுதிய மடல்களில் இப்பயிற்சியின் சுவடு நன்கு புலப்படுகின்றது.

சென்னைக்கு வருதல்

சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களுக்கும் ஆட்சிப் பணி அலுவலரை ஆளுநராக உயர்த்தாது, பிரித்தானிய அரசியல் உலகிலிருந்தே ஒருவரை அனுப்புதல் மரபு. வில்லிங்டன், கோஷன், ஸ்டான்லி ஆகியோர் அவ்வாறே சென்னைக்கு வந்தனர். அவ்வரிசையில் 1934 நவம்பரில் எர்ஸ்கின் பதவி ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

அவர் வந்தபோது மாகாணத்தில் நீதிக்கட்சியின் ஆட்சி; பொப்பிலி அரசர் முதலமைச்சர். பிரித்தானிய நாடாளுமன்றத்தில் இந்தியச் சீர்திருத்தம் குறித்துச் சர்ச்சிலின் குழுவினர் கடும் எதிர்ப்பு நிகழ்த்திய காலமும் அதுவே. அவ்வெதிர்ப்பைக் கடந்து 1935 இல் இந்திய அரசுச் சட்டம் நிறைவேறியது. மாகாணங்களுக்குத் தன்னாட்சி தந்த அச்சட்டம், ஆளுநர்க்குச் சிறப்புப் பொறுப்புகள் சிலவற்றையும் வைத்திருந்தது. சிறுபான்மையோரின் உரிய நலன்களைக் காத்தல் அவற்றுள் ஒன்று. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இக்கூறு இன்றியமையாதது.

1937 தேர்தலில் சட்டமன்றத்தின் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரசு பெற்றது. பொப்பிலி அரசரே தம் தொகுதியில் வி. வி. கிரியிடம் தோற்றார். கடந்த பதினைந்து ஆண்டுகளின் இன்னல்களுக்கெல்லாம் நீதிக்கட்சியே காரணம் என மக்கள் கருதினர் என்பதை எர்ஸ்கின் தம் மேலிடத்துக்குத் தயங்காது எழுதினார். தம் அரசுக்கு நட்பான கட்சியின் வீழ்ச்சியை மறைக்காது உரைத்தமை குறிக்கத்தக்கது.

ஆளுநர் தம் சிறப்பதிகாரங்களைக் கொண்டு தலையிடார் என்ற உறுதி வேண்டும் எனக் கேட்டு, காங்கிரசு உடனே பதவி ஏற்க மறுத்தது. ஆகவே ஏப்ரல் முதல் சூலை நடுப்பகுதி வரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு இடைக்கால அமைச்சரவைக்குத் தலைமை தாங்கினார். முந்தைய ஆண்டில் எர்ஸ்கின் விடுப்பில் சென்றபோது ஆளுநர் பொறுப்பை வகித்தவரும் இவரே. அரசப்பிரதிநிதி லின்லித்கோவின் விளக்கம் வெளியான பின்னர், 1937 சூலையில் இராசாசி முதலமைச்சரானார்.

இருவர் உறவு

இராசாசியும் எர்ஸ்கினும் நல்லுறவோடு பணியாற்றினர். சிறை சென்ற காங்கிரசுத் தலைவர் ஒருவரும் பழமைக் கட்சிப் பிரபு ஒருவரும் ஒத்துப்போனது வியப்பாகத் தோன்றலாம். இராசாசியின் பழமைப்பற்றுத் தம்முடையதையும் விஞ்சியது, தாம் இருபது ஆண்டுகள் பின்செல்ல விரும்பினால் அவரோ ஈராயிரம் ஆண்டுகள் பின்செல்ல விரும்புகிறார் என்னும் கருத்தில் எர்ஸ்கின் நகைச்சுவையாக எழுதியுள்ளார். நகைச்சுவையாயினும் அதனுள் ஒரு மதிப்பீடு உண்டு: தம் அமைச்சரை அவர் புரட்சியாளராகக் காணவில்லை, கண்டிப்பான ஆட்சியாளராகவே கண்டார்.

மொழிப்போராட்டமும் ஆளுநரின் அமைதியும்

1938 ஏப்ரல் 21 ஆம் நாள் பிறந்த ஆணையால் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாய பாடமாயிற்று. மறைமலையடிகள், நாவலர் சோமசுந்தர பாரதியார் முதலிய தமிழறிஞரும் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் எதிர்த்து நின்றனர். நாவலர் எட்டயபுரத்திற் பிறந்த நெல்லைச் சீமையினர். 1930களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராய் விளங்கியவர். அப்பல்கலைக்கழகத்தின் வேந்தர் பதவி ஆளுநர்க்கு உரியது.

1938 ஆகத்து முதல் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட தமிழர் படை செப்டம்பர் 11 இல் சென்னையை அடைந்தது. மறியல் செய்தோர் மீது, முன்னர்க் காங்கிரசு மறியலாளர் மீது ஏவப்பட்ட அதே குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தையே காங்கிரசு அமைச்சரவை ஏவியது. ஏறத்தாழ 1,200 பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களுட் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். நடராசன் 1939 சனவரியிலும் தாளமுத்து அவ்வாண்டு மார்ச்சிலும் சிறைக் காவலில் இருந்த நிலையில் உயிர் நீத்தனர்.

கட்டாய இந்தி மாகாணத்திற் பெருந்தொல்லைக்குக் காரணமாயிற்று என்றும், அது பெரும்பான்மை மக்களின் விருப்பத்திற்கு மாறானது என்றும் 1938 சூலையிலேயே எர்ஸ்கின் அரசப்பிரதிநிதிக்கு எழுதிவிட்டார். அறிந்திருந்தும் அவர் ஆணையைத் தடுக்கவில்லை. தடுத்திருப்பின், எந்தத் தலையீடு நிகழாது என நம்பிக் காங்கிரசு பதவி ஏற்றதோ, அந்நம்பிக்கை குலைந்து அமைச்சரவையே விலகியிருக்கக்கூடும். தன்னாட்சி காக்கப்பட்டது, அதன் விலையைச் சிறையிலிருந்தோர் செலுத்தினர். எர்ஸ்கினைப் புகழ்வோரும் பழிப்போரும் ஒருசேர எண்ண வேண்டிய இடம் இது.

கோயில் நுழைவு

இனி, தென்காசி வாயிலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். 1938 இல் மலபார்க் கோயில் நுழைவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1939 சூலை 8 ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் சிலருடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் புகுந்தார். அதற்குத் துணைநின்ற கோயில் நிருவாகத்தினரும் அலுவலரும் வழக்குகளுக்கு ஆளாகும் நிலை ஏற்பட்டது. அவர்களைக் காக்க இராசாசி விரும்பியபோது, எர்ஸ்கின் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். அதனைத் தொடர்ந்து கோயில் நுழைவு அனுமதி, பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது.

திருவிதாங்கூர் அறிக்கைக்கும் இச்சட்டத்திற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அங்கே மன்னரின் ஒரு சொல் கோயில்கள் பலவற்றை ஒருங்கே திறந்தது. இங்கே சட்டம் கதவைத் தானே திறக்கவில்லை. திறக்க விழையும் அறங்காவலர்க்கு அரசின் இசைவோடு திறக்கும் வழியைக் காட்டியது. தென்காசியிலும் குற்றாலத்திலும் உள்ள வழிபாட்டுரிமைக்குச் சட்டத்தின் முழு வலிமை 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தாற்றான் கிடைத்தது. ஆயினும் 1939 இல் கையொப்பமிடக் காலந்தாழ்த்தாமை எர்ஸ்கினுக்கு உரிய பெருமை. செயலின் கருத்தோ இராசாசியினுடையது. துணிவு மதுரையில் உள்ளே புகுந்தோருடையது.

தனியாட்சியும் 1940 பிப்ரவரி ஆணையும்

1939 செப்டம்பரில் இந்தியத் தலைவர்களைக் கலவாமலே அரசப்பிரதிநிதி இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தினார். அதனைக் கண்டித்துக் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி துறந்தன. சென்னை அமைச்சரவை அக்டோபர் இறுதியில் விலகியது. 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93 ஆம் பிரிவின்படி ஆட்சிப் பொறுப்பு முழுவதும் ஆளுநரிடம் வந்தது. கொறடாவாகவும் அரசமைப்பு ஆளுநராகவும் பிறர் முடிவுகளை நிறைவேற்றியே பழகிய எர்ஸ்கின், முதன்முறையாகத் தாமே முடிவெடுக்கும் நிலை எய்தினார்.

1940 பிப்ரவரி 21 ஆம் நாள் இந்தியின் கட்டாயம் நீக்கப்பட்டது. அடுத்த மாதம் 12 ஆம் நாள் எர்ஸ்கின் பதவியை விட்டு நீங்கினார். மக்கள் மன்றம் செயற்பட்டபோது கேட்கப்படாத குரல், மன்றம் செயலற்றபோது கேட்கப்பட்டது என்பது இவ்வாணையின் உள்முரண். போர்க்காலத்தில் மாகாணம் அமைதியாயிருத்தல் வேண்டும் என்ற ஆட்சித் தேவையும் இதற்குத் துணைநின்றிருத்தல் கூடும். எனினும் 1938 மடலில் கூறிய கருத்தையே 1940 ஆணை செயலாக்கியது என்பதால், இதனை அவ்வேளைக்கு எழுந்த தந்திரம் என மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

பிற்கால வாழ்வு

நாடு திரும்பிய எர்ஸ்கின் 1940 இல் பிரைட்டன் தொகுதியின் உறுப்பினரானார். மறு ஆண்டே அப்பதவியை விட்டார். 1953 மே 3 ஆம் நாள் மறைந்தார். அவர் தந்தையார் 1955 வரை வாழ்ந்தமையால், பிறப்பால் உரித்தாயிருந்த ஏர்ல் பட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை. அவர் மகனுக்கே சென்றது. மரியாதைப் பட்டத்தோடு தொடங்கிய வாழ்வு மரியாதைப் பட்டத்தோடே முடிந்தது.

முடிவுரை

எர்ஸ்கின் பெயரால் வெளிவந்த இரு செயல்கள் தமிழக வரலாற்றில் நிலைபெற்றவை. கோயில் நுழைவு அவசரச் சட்டத்தில் அவர் அமைச்சரின் கருத்துக்கு இசைந்தார். இந்தி நீக்க ஆணையில் அதே அமைச்சரின் கருத்தை மாற்றினார். முன்னதற்கு மதுரையிற் புகுந்தோரும், பின்னதற்குச் சிறை புகுந்தோரும் முதற்காரணர். இரண்டிலும் ஆளுநரின் பங்கு முத்திரையின் பங்கே எனலாம். ஆயின், எதனைக் கேட்டு முத்திரை இடுவது என அறிந்திருந்தார், அவ்வறிவு அவருடையதே. அறிந்த பின்னும் ஏறத்தாழ இருபது மாதங்கள் காத்திருந்தமையும் அவருடையதே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுதல் வரலாறாகாது.

மதுரை அரசு மருத்துவமனை நெடுங்காலம் எர்ஸ்கின் மருத்துவமனை என வழங்கிற்று; பின்னர் அது இராசாசி பெயரைப் பெற்றது. ஒருவர் பெயர் இருந்த இடத்தில் மற்றவர் பெயர் வந்தது. ஆனால் நடராசனையும் தாளமுத்துவையும், செங்கோட்டையில் திறந்த கதவைக் கண்டு தென்காசியில் காத்திருந்த எண்ணற்ற எளியோரையும் விட்டுவிட்டு, ஆளுநர், அமைச்சர் என்னும் இருவர் பெயர்களுக்குள் அவ்வாண்டுகளின் வரலாற்றை அடக்கிவிடுதல் இயலாது. உயர்குடி அரசியலாளர் ஒருவரின் வாழ்வை நாம் ஆராய்வதன் பயன், அவர் கையொப்பத்தின் கீழ் மறைந்துள்ள இம்மக்களின் பெயரைத் தேடத் தொடங்குவதே ஆகும்.