கணக்கு நாள் பண்டிகையான கதை: ஷெவாத் பதினைந்து

யூத நாட்காட்டியில் ஷெவாத் மாதத்துப் பௌர்ணமி, பெரும்பாலும் ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும். ‘மரங்களின் புத்தாண்டு’ எனப்படும் இந்நாளை, இயற்கையை வழிபட்ட பழங்கால விழாவின் எச்சமாகக் கருதுவோர் உண்டு. கானானியரின் பெண்தெய்வமான அஷேராவின் வழிபாட்டோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. மூலநூல்கள் இதற்கு இடம் தரவில்லை. எபிரேய விவிலியத்தில் இந்நாளைப் பற்றி ஒரு சொல் கூடக் கிடையாது. அது முதலில் தலைகாட்டுவது கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில். அதுவும் ஒரு கணக்கு விதியாக.

மிஷ்னாவின் ‘ரோஷ் ஹஷானா’ பகுதி நான்கு புத்தாண்டுகளோடு தொடங்குகிறது. அரசர்களின் ஆட்சியாண்டுக்கும் பண்டிகை வரிசைக்கும் நிசான், கால்நடைத் தசமபாகத்துக்கு எலுல், ஆண்டு எண்ணிக்கைக்கும் ஓய்வு ஆண்டுக்கும் திஷ்ரி, மரங்களுக்கு ஷெவாத். மரங்களுக்குப் புத்தாண்டு தேவைப்பட்டது தசமபாகத்துக்காக, அதாவது விளைச்சலில் பத்திலொரு பங்குக்காக. ஓராண்டின் கனிக்குரிய தசமபாகத்தை வேறோர் ஆண்டின் கனியைக் கொண்டு ஈடுகட்டக் கூடாது. தவிர, ஏழாண்டுச் சுழற்சியில் 1, 2, 4, 5ஆம் ஆண்டுகளின் இரண்டாம் தசமபாகத்தை உரிமையாளர் எருசலேமுக்குக் கொண்டுபோய் உண்ண வேண்டும். 3, 6ஆம் ஆண்டுகளில் அதற்குப் பதிலாக ஏழைகளுக்கான பங்கு ஒதுக்கப்படும். ஆக, ஓர் அத்திப்பழம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற கேள்வி, அது யார் வயிற்றுக்குப் போகும் என்ற கேள்வியும்தான். மரமோ தானியத்தைப்போல் ஆண்டுதோறும் விதைத்து அறுத்து முடிப்பதல்ல. எனவே பிஞ்சு பிடிக்கும் பருவத்தை வைத்து ஆண்டைப் பிரித்தனர். ஆண்டின் மழையில் பெரும்பகுதி ஷெவாத்துக்குள் பெய்துவிடுகிறது என்று மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத் காரணம் சொல்கிறது.

இங்கே கவனிக்கத்தக்கது தேதிப் பிணக்கு. யூத அறிஞர் ஷம்மாயின் பள்ளி ஷெவாத் முதல் நாளைச் சொன்னது, ஹில்லேலின் பள்ளி பதினைந்தாம் நாளைச் சொன்னது. மக்கள் கூடிக் கொண்டாடிய விழா ஏற்கெனவே இருந்திருந்தால், அதன் நாளை அறிஞர்கள் வாதாடி நிறுவ வேண்டிய தேவை என்ன? வாரங்களின் பண்டிகை குறித்தும் தேதிச் சண்டை இருந்ததே என்று மறுக்கலாம். அங்கே சண்டை விவிலிய வாசகம் ஒன்றுக்குப் பொருள் கொள்வதில் எழுந்தது. பண்டிகையின் இருப்பை யாரும் ஐயுறவில்லை. இங்கே விளக்குவதற்கு வாசகமும் இல்லை, விதிக்கப்பட்ட சடங்கும் இல்லை. அஷேரா தொடர்பு வெறும் ஊகமாகவே நிற்கிறது.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தது. தசமபாகச் சட்டம் இஸ்ரேல் நாட்டு விளைச்சலைப் பற்றியது. ரைன் நதிக்கரை யூதருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. நியாயப்படி இந்நாள் ஏட்டோடு நின்றுபோயிருக்க வேண்டும். அதைக் காத்தது ‘புத்தாண்டு’ என்ற பெயரே என்பது என் துணிபு. கி.பி. 1000 அளவில் மைன்ஸ் நகரில் வாழ்ந்த ரபி கெர்ஷோம், புத்தாண்டு எனப் பெயர்பெற்ற நாளில் நோன்பு கூடாது என்று தீர்ப்பளித்தார். பதினாறாம் நூற்றாண்டில், அஷ்கெனாசி எனப்படும் ஐரோப்பிய யூதர்கள் இந்நாளில் பலவகைப் பழங்களை உண்பதாக இஸ்ஸாகார் இப்னு சூசான் குறித்தார். கணக்கேட்டுச் சொல் ஒன்று இப்படித்தான் மெல்ல மெல்லச் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துசேர்ந்தது.

சடங்கு இல்லாத வெற்றிடத்தை அவரவர் தம் வழியில் நிரப்பினர். கப்பாலா எனும் யூத மறைஞான மரபினர் முப்பது கனிகளை மூவகையாகப் பிரித்தனர்: முழுவதும் உண்ணத்தக்கவை, உள்ளே கொட்டை உள்ளவை, வெளியே ஓடு உள்ளவை. வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் நான்கு கிண்ண மது அதனுடன் சேர்ந்தது. இம்முறையை விரிவாகப் பரப்பியது பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சேறிய ‘ஹெம்தத் யாமிம்’. போலி மெசியா ஷப்பத்தாய் ஸ்வியைப் பின்பற்றியோரின் சரக்கு என்று ரபி யாகோவ் எம்டன் அந்நூலைத் தாக்கினார். ஆனாலும் பழத்தட்டு பிழைத்துக்கொண்டது. இந்தியாவின் கொங்கணக் கரையில் வேரூன்றிய யூதரான பெனே இஸ்ரேலர் இன்னும் துணிச்சலாகவே நடந்துகொண்டார்கள். அவர்களுக்கு இது எலியா தீர்க்கதரிசியின் நாள். அலிபாகிற்கு அருகிலுள்ள கண்டாலாவில், எலியாவின் ரதம் பாறையில் பதித்ததாக நம்பப்படும் சுவட்டைத் தரிசிக்கிறார்கள். அவல், தேங்காய், சர்க்கரை கலந்த மலிதாவைப் பழங்களோடு படைக்கிறார்கள். இஸ்லாமிய ஞானியர் விழாவுக்குரிய ‘உரூஸ்’ என்ற பெயரே அவர்கள் வழக்கில் இதற்கும் வழங்குகிறது.

மரம் நடுவது இந்த வரிசையில் மிக இளையது. 1890இல் ஸிக்ரோன் யாகோவ் குடியேற்றத்தில் ஆசிரியர் செயேவ் யவெத்ஸ் தம் மாணவர்களை அழைத்துச் சென்று மரம் நட்டார். பின்னர் யூத தேசிய நிதியம் அவ்வழக்கைப் பெரிதாக்கியது. நிதியம் பரவலாக நட்டது அலெப்போ பைன்; தசமபாகம் செலுத்தக் கனி ஏதும் தராத மரம் என்பது இதில் உள்ள வேடிக்கை. நடுவது நிலத்தின் மீது உரிமை நாட்டுவதாகவும் ஆயிற்று: 2022 ஜனவரியில் நெகேவ் பாலைவனத்தில் நிதியம் மரம் நட்டபோது பெதூயின்கள் எதிர்த்துப் போராடினர். அந்த 2021–22 யூத ஆண்டு, பழைய சுழற்சியின் ஏழாவதான ஓய்வு ஆண்டு. நடவு கூடாது என்பது சட்டம். ஆகவே விதியை அப்படியே பேணுவோருக்கு அந்த ஷெவாத் பதினைந்தில் மரநடுகை இல்லை, பழம் உண்ண மட்டும் தடையில்லை.