எடைக்கா, பீஸுக்கா?

திருமயத்திலிருந்து கிளம்பி ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு என்று ஒரு சுற்று போய் வந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். இந்தத் தெருவில் வீட்டின் முகப்பு. அதே வீட்டின் பின்வாசல் அடுத்த தெருவில். இரண்டு தெருவுக்கும் நடுவில் படுத்துக்கிடக்கிற அந்த வீட்டில் பல நாள் ஒரு காவல்காரர், ஒரு நாய், கொஞ்சம் புறா. அவ்வளவுதான் குடித்தனம்.

முகப்பைத் தாண்டினால் வளவு. முற்றத்தைச் சுற்றிப் பத்தி. பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். படுப்பது பத்தியில், சமையலும் சாப்பாடும் அடுத்தடுத்த கட்டுகளில். அறை என்பது பெரும்பாலும் ஆளுக்காகக் கட்டியதில்லை, சாமானுக்காகக் கட்டியது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் ஒரு ‘புள்ளி’. புள்ளிக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டுக்குள் போவது மருமகள் கொண்டுவந்த கல்யாணச் சாமான். பித்தளை, வெங்கலம், எனாமல் பூசிய மங்கு, பீங்கான், மரத்தில் கடைந்த மரவை, பாய், ஓலைக் கொட்டான் என்று ஒரு தலைமுறை புழங்கியும் தீராத அளவுக்கு. பெண் பிறந்ததுமே சேர்க்கத் தொடங்கும் சாமான் அது. கல்யாணத்தன்று பரப்பிவைத்து ஊர் பார்த்தபின் அறைக்குள் போய்விடும். வெளிச்சம் பார்ப்பது அதற்கு அதுவே முதலும் கடைசியுமாக இருப்பதும் உண்டு.

அமெரிக்காவில் இதையே ஷட்டர் போட்ட கூண்டாகக் கட்டி மாத வாடகைக்கு விடுகிறார்கள். வாடகை நின்றுபோனால் பூட்டை உடைத்து, உள்ளே இருப்பதை மொத்தமாக ஏலம் விடுவார்கள். வாங்க வந்தவர் வாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. 2010-இல் இதை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடரே தொடங்கி உலகமெல்லாம் ஓடியது. அதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய வியப்பு ஏதும் வரவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பக்கத்தில் பிறந்தவனுக்கு, பூட்டிய அறையை உள்ளே இருப்பது தெரியாமல் விலை பேசுவது புதிய செய்தியா என்ன? வாடகை பாக்கி என்ற ஒன்று இங்கே கிடையாது. இங்கே பாக்கி வேறு.

அந்தப் பாக்கி பர்மாவில் தொடங்கியது.

1929-30-இல் பர்மாவின் வங்கித் தொழிலை விசாரித்த குழு, அங்கே இந்த வீடுகளைக் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் ஏறத்தாழ 1,650 இருப்பதாகக் கணக்கெடுத்தது. ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயம் பெரும்பாலும் அந்தக் கடைகளின் கடனில் நடந்தது. அந்த வட்டிதான் இங்கே வளவாகவும் தேக்குத் தூணாகவும் பெல்ஜியம் கண்ணாடியாகவும் எழுந்தது. பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாதவர்களின் ஈட்டு நிலம் கடைக்காரர்களின் கையில் வந்து விழுந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம். 1938-இல் 25 சதவீதம். கேட்பதற்குப் பெரிய சொத்துபோல இருக்கும். ஆனால் பணம் கொடுத்துப் பணம் வாங்குகிறவனுக்குச் சேற்று நிலம் சொத்தில்லை, வராக்கடன்தான். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு விழுந்தது. அடுத்த ஆண்டுக்குள் லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்தபின் போய்ப் பார்க்கலாம் என்றிருந்தவர்களுக்கு 1948-இல் பர்மாவின் நில தேசியமயச் சட்டம் பதில் சொன்னது. நெ வின்னின் ராணுவ ஆட்சி வந்தபின் 1963-இல் வங்கிகளும் போயின.

வரவு நின்றது. வீடு நின்றபடியே நின்றது. அப்பச்சி காலத்துப் புள்ளி மூன்று, மகன் காலத்தில் எட்டு, பேரன் காலத்தில் இருபதுக்கு மேல். அவர்களில் ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் கலிபோர்னியாவில். நிலத்தைப் பிரிக்கலாம், நகையைப் பிரிக்கலாம். முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரே மூச்சாகக் கட்டிய வீட்டை எங்கே வெட்டுவது? வெள்ளையடிக்கவும் ஓடு மாற்றவும் ஆகிற செலவில் பங்கு கேட்டு வரும் கடிதத்துக்கு மூன்று பேர் பதில் போடுவார்கள், மற்றவர்கள் போட மாட்டார்கள். வீட்டை விற்கவேண்டும் என்றால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நடக்காது. ஆகவே யாரும் விற்கவில்லை, யாரும் குடியிருக்கவும் இல்லை. அறை பூட்டியே கிடந்தது.

இந்தப் பூட்டைத் திறந்துவிடும் ஆள் எங்கிருந்து வந்தார் என்று தேடிப் போனால், நாம் எல்லாரும் சின்ன வயதில் கேட்ட ஒரு குரலில் போய் முட்டிக்கொள்கிறோம்: “பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!”

சிரிக்க வேண்டாம். எவர்சில்வர் வீட்டுக்கு வீடு வந்தபோது பித்தளைக்கும் வெங்கலத்துக்கும் மவுசு போயிற்று. புளி போட்டுத் தேய்க்க ஆள் இல்லை. ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவது குறைந்தது. அண்டாவைப் போட்டு எவர்சில்வர் அடுக்கு வாங்கினார்கள். தராசு ஒன்றுதான் சாட்சி. பித்தளை கிலோ இவ்வளவு, செம்பு கிலோ இவ்வளவு. நூறு வருஷத்துக் குத்துவிளக்கும் போன மாதத்துக் குழாய்த் திருகும் ஒரே தட்டில் ஏறின. இரண்டுக்கும் சேர வேண்டிய இடம் ஒன்றே, உலை. எத்தனை நல்ல வேலைப்பாடு இப்படி உருகியிருக்கும் என்று நினைக்கும்போது வயிறு எரியும். ஆனால் அந்தத் தராசுக்காரர்கள்தான் வளவுக்குள் முதலில் நுழைந்த வெளியாட்கள். எந்த வீட்டில் எத்தனை அறை, யார் எப்போது ஊருக்கு வருவார், எந்தப் பங்காளிக்கும் எந்தப் பங்காளிக்கும் பேச்சு இல்லை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இந்தத் தொழிலுக்கு வேண்டிய முதல் அதுதான்.

இவர்களில் யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள், ஒரு சாமானைத் தராசில் வைக்காமல் தனியே எடுத்து வைத்தார். தொழில் பிறந்த நேரம் அது என்பேன். தேதி கிடையாது, ஆள் பெயரும் கிடையாது. எடை விலை பீஸ் விலையாக மாறிய அந்தக் கணத்தில்தான் பழைய பாத்திர வியாபாரம் பழஞ்சாமான் வியாபாரமாயிற்று.

அது மாறியதற்கு வெளிக்காரணம் உண்டு. வாங்குகிற கை மாறியது. தேக்குத் தூணைக் கேட்டுக் கட்டடக் கலைஞர்கள் வந்தார்கள். பழைய நாற்காலியைத் தேடிச் சினிமா கலை இயக்குநர்கள் வந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். சென்னை முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீடே பெயர்த்துக் கொண்டுபோய் நிறுத்தப்பட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசைகட்டின. காரைக்குடி சிவகங்கை மாவட்டம் என்று சொல்லி யாரும் மல்லுக்கு வரவேண்டாம். செட்டிநாடே பாதி புதுக்கோட்டை சமஸ்தானத்திலும் பாதி ராமநாதபுரம் பக்கத்திலுமாகத்தான் இருந்தது. அரிமளத்து அண்டா எல்லைக்கல்லைப் பார்த்து நிற்காது.

ஏலம் என்ற சொல்லை இந்த வியாபாரத்தில் அதிகம் கேட்க முடியாது. மொத்தமாக ஒரு ரேட் என்றுதான் பேச்சு. ஆனால் நடப்பது அதுதான்: இரண்டு மூன்று வியாபாரிகள் வந்து பார்ப்பார்கள், அதிகம் சொன்னவருக்குச் சாவி. ஏலம், சாவி, அலமாரி மூன்றும் போர்த்துகீசியக் கப்பலில் வந்த சொற்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? லெய்லாவ் ஏலமாயிற்று, ஷாவெ சாவியாயிற்று, அர்மாரியோ அலமாரியாயிற்று. திறவுகோல் என்று நமக்கொரு சொல் இருந்தும் வந்த சொல்லே நிலைத்துவிட்டது. பூட்டிவைக்கும் பெட்டியும், திறக்கும் கருவியும், திறந்தபின் விற்கும் முறையும் ஒரே கப்பலில் இறங்கியதுபோல் எனக்குத் தோன்றும்.

கூர்ந்து பார்த்தால் வியாபாரி வாங்குவது பாத்திரத்தை அல்ல. இருபது பேருக்குள் ஒத்துவராத ஒன்றை வாங்குகிறார். ஒரு வெங்கலப் பானையை இருபதாகப் பிரிக்க முடியாது. அதன் விலையைப் பிரிக்கலாம். யார் எதை எடுப்பது என்று உட்கார்ந்தால் இரண்டு ஆச்சிகளின் முப்பது வருஷத்துப் பழைய கதை கிளம்பும். மொத்த ரேட் பேசினால் எல்லாம் ஒரு கால்குலேட்டரில் முடிந்துவிடும். அதனால்தான் பல சமயம் உள்ளே இருப்பதை எண்ணிப் பட்டியல் போடக்கூட உறவுகள் விரும்புவதில்லை. பட்டியல் போட்டால் ஆசை வரும். வியாபாரி அமெரிக்கக்காரர் மாதிரி வாசலில் நிற்க வேண்டியதில்லை, உள்ளே போகலாம். ஆனாலும் இருட்டு, தூசி, ஒன்றின்மேல் ஒன்றாக உத்தரம் வரை அடுக்கு. முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசையை மனதால் எடைபோட வேண்டும். கரையான் புகுந்த அறை என்றால் அடுக்கின் அடியில் மண்தான்.

நல்ல அறை என்றால் என்னென்ன வரும்? பர்மாவின் சிவப்பு அரக்குப் பூசிய மரவை. சுவீடனின் காக்கம்ஸ் மங்குச் சட்டி, நீலமும் பச்சையுமாக, விளிம்பு மட்டும் சில்லுப் பெயர்ந்து. ஜப்பான் பீங்கான். 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் லட்சுமி, சரஸ்வதி; சிலவற்றில் புடைவைக்குச் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி, அச்சுப் படத்துக்குக் கல்யாணக் களை ஏற்றியிருப்பார்கள். பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் அம்மன் காசு: புதுக்கோட்டை சமஸ்தானத்தின் குட்டிச் செப்புக்காசு, ஒருபக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தபின் அதற்குப் பெட்டிக்குள்தான் வாழ்க்கை.

பாத்திரங்களின் கழுத்தில் எழுத்து வெட்டியிருக்கும். அது விலாசம், குடும்பத்தின் முதலெழுத்து வரிசை. சென்னையில் ஒரு உணவு விடுதியின் அலங்கார மேசையில் அப்படியொரு அண்டாவைப் பார்த்தேன். பக்கத்து மேசைப் பெண் அந்த எழுத்துகளை, அண்டாவைத் தயாரித்த கம்பெனியின் பெயர் என்று தோழிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. விவரம் தெரிந்தவர் அந்த மூன்றெழுத்தை வைத்து ஊரையும் வீட்டையும் கண்டுபிடித்துவிடுவார். யார் வீட்டு அண்டா என்று தெரிந்தபிறகு அதில் பொங்கல் வைக்க மனம் வருமா?

இதில் கெட்ட நேரம் காகிதத்துக்கு. கணக்குப் புத்தகம், கடிதம், கல்யாண அழைப்பு, நாடக நோட்டீஸ், பழைய நூல் எல்லாம் கடைசிவரை எடைக்குத்தான் போயின. அவற்றையும் தனியே எடுத்துவைத்தவர்கள் வெகு சிலர். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர், இப்படிச் சேர்த்த புத்தகமும் இதழும் துண்டறிக்கையுமாக ஒரு லட்சம் இருக்கும். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, நாட்டைவிட்டு எடுத்துப்போகாமல், 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக்க வழிசெய்தது. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மாவும் ஞானாலயா நூலகத்தை வளர்த்தது தங்கள் சம்பளத்தில். பழைய புத்தகக் கடையில் கிலோக் கணக்கில் கிடந்தவற்றுள் முதல் பதிப்பைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கும், இருட்டறையில் காக்கம்ஸைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று விற்கிறது, மற்றொன்று வைத்துக்கொள்கிறது.

சட்டமும் ஓரமாக வந்து உட்கார்ந்தது. 1972-இன் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய பொருள் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டம் வந்த காலத்தில் இந்த மங்கெல்லாம் ஐம்பது வயதுப் பாத்திரம், யாரும் கேட்கவில்லை. காலண்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1920-களில் கப்பலேறி வந்த சோற்றுத்தட்டுகள் இப்போது ஒவ்வொன்றாக அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன.

அறை காலியானால் அடுத்தது கதவு, அதற்கடுத்து தூண். “பாரம்பரியம் போச்சே” என்று வீடு இடிக்கும் படத்தைப் பகிர்ந்து அழுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களில் யாரும் ஒருமுறைகூட அந்தக் கூரைக்கு ஓடு மாற்றிக் கொடுத்தவர்கள் இல்லை. 2014-இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல் மழையைத் தடுக்காது. கடியாபட்டி சிதம்பர விலாஸ் மாதிரி சில வீடுகள் விடுதியாகிப் பிழைத்தன. இப்படிப் பிழைக்கிற வீட்டுக்குப் பழைய நாற்காலியும் விளக்கும் வேண்டியிருந்தால், தேடிப்போகிற இடம் முனீஸ்வரன் கோயில் தெருதான்.

போன முறை அந்தத் தெருவுக்குப் போனபோது ஒரு கடை வாசலில் கொட்டான் நிறையச் சாவி. சில முழ நீளம், சில சுண்டுவிரல் அளவு, எல்லாம் துரு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வளையத்தில் அழியாத மையில் ஒரு விலாசம் எழுதிய துணித்துண்டு.

“இதுக்குப் பூட்டு இருக்காண்ணே?”

“பூட்டெல்லாம் தனியா போயிடுச்சு சார். கதவோட கேப்பாக.”

“இது என்ன விலை, பீஸுக்கா?”

அவர் கொட்டானைக் காலால் நகர்த்தித் தராசுப் பக்கம் தள்ளினார்.

“சாவிக்கு ஏது சார் பீஸ் விலை? அது இன்னும் எடைக்குத்தான்.”