விழித்திரை நாள அடைப்பும் குருதியோட்ட ஆய்வின் வரலாறும்

திருகோணமலையை அடுத்துள்ள கன்னியாய் வெந்நீர்க் கிணறுகள் ஏழும் இராவணன் கதையோடு இணைத்துப் பேசப்படுபவை. அவற்றை அறிவியல் நோக்கோடு ஆராய்ந்தோருள் ஜோன் டேவி என்னும் இராணுவ மருத்துவர் குறிப்பிடத்தக்கவர். 1816 முதல் 1820 வரை இலங்கையிற் பணிபுரிந்த அவர், 1821 இல் வெளியிட்ட நூலில் இக்கிணறுகளையும் பாம்பு நஞ்சு பற்றிய தம் பரிசோதனைகளையும் விவரித்தார். நாடிக் குருதி நாளக் குருதியிலும் சற்று வெப்பமானது என 1814 இல் அறிவித்தவரும் அவரே. எனினும், உயிருள்ள மனிதரின் உள்ளுறை குருதிக்குழாய்களை நேரிற் காணும் வழி அவர் இலங்கையில் இருந்த காலத்தில் இல்லை.

1851 இல் ஹெல்ம்ஹோல்ற்ஸ் விழிநோக்கியை அறிமுகஞ் செய்தபின் அவ்வழி திறந்தது. விழித்திரை முழுவதும் குருதி கசிந்த தோற்றத்தை 1855 இல் லீப்ரைக் விவரித்தார். மைய நாளத்தில் உறையும் குருதிக்கட்டியே அதற்குக் காரணமென 1878 இல் மிக்கேல் விளக்கினார். இதற்கிடையே, 1856 இல் வெளிவந்த விர்ச்சோவின் ஆய்வுகளை அடியொற்றி, குழாய்ச் சுவரின் கேடு, ஓட்டத்தின் தளர்வு, குருதியின் இயல்பு மாற்றம் என்னும் மூன்றும் உறைவுக்குக் காரணங்களாகப் பின்னையோரால் வகுக்கப்பட்டன.

இம்மூன்றும் விழித்திரையில் ஒன்றையொன்று தூண்டுவன. நாடியும் நாளமும் குறுக்கிடும் இடங்களில் அவை பொதுவான உறையொன்றினுள் அமைந்துள்ளன. உயர் குருதியமுக்கத்தால் தடித்த நாடி, மெல்லிய நாளத்தை நெருக்குகின்றது. பாய்மமொன்றின் சீரான ஓட்டத்தில், குழாயின் ஆரை பாதியாகுமிடத்துத் தடை பதினாறு மடங்காகும் என்பது புவாசேயின் ஆய்வுவழிப் பெறப்பட்ட விதியாகும். நீர்போலன்றி, குருதி மெதுவாக ஓடுந்தோறும் அதன் பாகுநிலை கூடுகின்றது. செங்குழியங்கள் நாணய அடுக்குப்போல் ஒன்றுசேர்வதே அதற்குக் காரணம். இச்சேர்க்கையை 1921 இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஃபாரேயஸ் விரிவாக ஆராய்ந்தார். செங்குழியங்களின் விகிதமும் பைபிரினோசனும் மிகுந்தால் பாகுநிலை மேலும் உயரும். எனவே நெருக்கம் தளர்வையும், தளர்வு பாகுநிலையையும், பாகுநிலை மீண்டும் தளர்வையும் வளர்க்க, ஈற்றில் உறைவு நேர்கின்றது.

ஆயினும் பாகுநிலையே முதற்காரணமென முடிவுசெய்தல் பொருந்தாது. நோயாளரிடத்துக் காணப்படும் மாற்றம் அடைப்பின் காரணமோ விளைவோ என்பது இன்றும் விவாதத்துக்குரியதே. ஐயமற்றது ஒன்றுண்டு: இந்நோயாளருட் பலர் உயர் குருதியமுக்கம் உடையோர். வலியின்றி ஒரு கண்ணின் பார்வை மங்குவதால், கடலில் உழைப்போரும் துறைமுகத் தொழிலாளரும் அதனைக் களைப்பென்றோ முதுமையென்றோ கருதிக் காலந்தாழ்த்துதல் கூடும். கிணற்று நீரின் வெப்பத்தையும் அளந்தறிய முனைந்த அறிவுமரபு, அவர்தம் குருதியமுக்கத்தை உரிய காலத்தில் அளப்பதிலேயே பயன் நிறைகின்றது எனலாம்.