மூச்சின் கணக்கு

சிதறால் மலை அப்படியொன்றும் உயரமில்லை. ஆனாலும் என் போன்றவர்களுக்கு உச்சிக்குப் போவதற்குள் மூச்சு வாங்கிவிடும். திருச்சாரணத்துமலை என்பது அதன் பழைய பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பாறையிலே தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். எறும்பை மிதித்துவிடலாகாதே என்று மயிற்பீலியால் இடத்தைத் துடைத்துவிட்டு உட்காரும் மரபைச் சேர்ந்த துறவிகள் வாழ்ந்த மலை அது. பிராணிகளின் மூச்சை மனிதன் அளக்கப் புறப்பட்ட கதையைப் படித்தபோது, எனக்கு அவர்களுடைய நினைவுதான் வந்தது.

1664-ம் வருஷம் லண்டனில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி ஒரு நாயின் மார்பைத் திறந்து, மூச்சுக்குழாயில் துருத்தியைப் பொருத்திக் காற்றை ஊதி, அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்தார். அது பட்ட வேதனையைக் கண்டபின், இனி இத்தகைய சோதனைக்குத் தம் மனம் இணங்காது என்று ராபர்ட் பாயிலுக்குக் கடிதமும் எழுதினார். ஆயினும் 1667-ல் மறுபடி செய்தார். நுரையீரலின் அசைவு அல்ல, புதுக் காற்றே உயிரைக் காக்கிறது என்பது அதனால் தெரிந்தது. மனம் வருந்தியது, கை நிற்கவில்லை.

பிற்பாடு வேறொரு கேள்வி பிறந்தது. மூச்சை இழுக்க உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது? கொல்லன் உலைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் விறைத்தாலும் ஊதுவது கஷ்டம். குழாய் அடைத்தாலும் கஷ்டம். கோளாறு தோலிலா, குழாயிலா என்று பிரித்தறிவதே இந்தச் சாஸ்திரத்தின் சாரம்.

1940-ல் கொன்செட், ரோஸ்லர் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். மயக்கமுற்ற பிராணியின் மூச்சுக்குழாயில் யந்திரம் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு காற்றைச் செலுத்தும். உள்ளே போகாமல் வழிந்து வருவதை அளக்க வேண்டும். மருந்துகளைச் சோதிக்க நல்ல முறைதான். ஆனால் தோலா, குழாயா என்று அது சொல்லாது.

அதைச் சொல்ல வைத்தவர்களில் ஒருவர் மேரி ஆம்டர் என்ற பெண்மணி. 1948-ல் அமெரிக்காவில் டொனோரா என்ற ஊரில் ஆலைப்புகை கவிந்து சுமார் 20 பேர் மாண்டார்கள். அத்தகைய புகை நுரையீரலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர் அவர். 1958-ல் அவரும் ஜியர் மீடும், விழித்திருக்கும் கினிப்பன்றியின் நெஞ்சறையில் செருகிய மெல்லிய குழாய் மூலம் அழுத்தத்தையும், கூடவே காற்றின் ஓட்டத்தையும் அளந்தார்கள். தடை வேறு, விறைப்பு வேறு என்று கணக்கு வந்தது. இப்போது மயங்கிய சுண்டெலியின் மூச்சுக்குழாயில் சிறு காற்றதிர்வுகளை அனுப்பி இன்னும் நுட்பமாக அளக்கிறார்கள். ஆனால் தொண்டையைக் கீறியாக வேண்டும். அநேகமாக அந்த எலி திரும்ப எழுவதில்லை.

கத்தியில்லாத வழியும் உண்டு. எலியை ஒரு பெட்டியில் சும்மா விட்டால் போதும். உள்ளிழுத்த காற்று உடம்பில் சூடாகி ஈரமாவதால் பெட்டியின் அழுத்தம் சிறிது மாறும். 1955-ல் டிரார்பா, ஃபென் இருவரும் பச்சைக் குழந்தைகளுக்காக வகுத்த முறை இது. 1997-ல் ஹாமல்மான் முதலியோர் அந்த அலையிலிருந்து ‘பென்’ என்றோர் எண்ணை எடுத்து, ஆஸ்த்துமா ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள். பல ஆராய்ச்சிசாலைகள் ஆவலோடு ஏற்றுக்கொண்டன. சில வருஷங்களில் நிபுணர்கள் எச்சரித்தார்கள்: அந்த எண் காட்டுவது பெரும்பாலும் மூச்சு விடும் தாளத்தைத்தான், குழாயின் தடையை அல்ல.

கருணையுள்ள வழி பொய், உண்மையான வழி கொடுமை என்று முடித்துவிடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. எலி எத்தனை தடவை, எந்தத் தாளத்தில் மூச்சு விடுகிறது என்பதைப் பெட்டி உண்மையாகவே சொல்கிறது. அதே எலியை மறுநாளும் பார்க்கலாம். அதற்குத் தெரியாத சங்கதியை அதனிடம் கேட்டதுதான் பிசகு.

கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் வாதாடியதன் பயனாக 1960-ல் பிராணிவதைத் தடைச் சட்டம் வந்தது. அது ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. வீண் வேதனையைத் தடுக்கும் பொறுப்பை ஒரு குழுவுக்கு அளித்தது. வீண் என்பது கத்தியில் மட்டும் இல்லை. ஒன்றும் சொல்லாத ஓர் எண்ணுக்காக எலியைச் செலவிட்டால், எத்தனை மெத்தென்ற பெட்டியில் வைத்திருந்தாலும், அதற்குச் செய்தது அநியாயந்தான்.