58 வயதும் ஐந்தாம் ஆண்டும்: பெங்களூரு, ஏப்ரல் 2016

2016 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பெங்களூரின் பொம்மனஹள்ளிப் பகுதி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறி ஓசூர் சாலையை மறித்தனர். மறுநாள் போராட்டம் நகரின் மறுகோடியில் தும்கூரு சாலை, பீன்யா, ஜாலஹள்ளி கிராஸ் வரையிலும், தெற்கே ஹெப்பகோடி வரையிலும் பரவியது. தடியடி, கண்ணீர்ப்புகை, எரிந்த பேருந்துகள், தாக்கப்பட்ட காவல் நிலையம் ஆகியவையே செய்திப் படங்களில் எஞ்சின. எந்தத் தொழிற்சங்கமும் அழைப்பு விடுத்து நடந்த போராட்டம் அன்று அது. 19ஆம் தேதியே மத்தியத் தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, சினத்துக்குக் காரணமான அறிவிக்கை கைவிடப்படுவதாக அறிவித்தார்.

அந்த அறிவிக்கை 2016 பிப்ரவரி 10ஆம் நாளுக்குரியது. வேலையை விட்டு இரண்டு மாதம் வேலையின்றி இருக்கும் தொழிலாளி, தம் வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலுள்ள முழுத்தொகையையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதுவரை இருந்த விதி. புதிய விதிப்படி அவர் தம் பங்கையும் அதற்குரிய வட்டியையும் மட்டுமே எடுக்கலாம். முதலாளி செலுத்திய பங்கு 58 வயது வரை கணக்கிலேயே இருக்கும்.

தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சினம் விளங்காது. மாதம் 7,000 ரூபாய் அடிப்படை ஊதியம் பெறும் ஒரு தையல் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் ஊதியத்தில் 12 விழுக்காடு, அதாவது 840 ரூபாய், பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 12 விழுக்காடு செலுத்துகிறார். ஆனால் அதில் 8.33 விழுக்காடு 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். வைப்பு நிதிக்கு வருவது 3.67 விழுக்காடு, ஏறத்தாழ 257 ரூபாய். நான்கு ஆண்டுகளில் வட்டி நீங்கலாகத் தொழிலாளியின் பங்கு 40,320 ரூபாய். முடக்கப்படவிருந்த முதலாளி பங்கு சுமார் 12,300 ரூபாய்தான். முழுப் பணமும் கிடைக்காது என்ற அச்சமும் இதனுடன் கலந்து பரவியது உண்மையே. ஆயினும் போராட்டத்தை வதந்தியின் விளைவு என்று ஒதுக்கிவிடுவது எளிய வழி. சரியான வழி அன்று. 30 வயதில் வேலையை விடும் ஒருவரிடம் அவருடைய பணத்தின் ஒரு பகுதியை 28 ஆண்டுகள் கழித்து வந்து பெற்றுக்கொள் என்று சொல்வது, கணக்கின் பொருளையே மாற்றுவது.

கணக்கின் பொருள் தொடக்கத்திலிருந்தே இரட்டைத் தன்மை உடையது. 1951 நவம்பரில் அவசரச் சட்டமாகப் பிறந்து 1952இல் சட்டமான இத்திட்டம், நெசவு, சிமெண்ட், சிகரெட், காகிதம், இரும்பு எஃகு, பொறியியல் ஆகிய ஆறு தொழில்களில், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஆலைகளுக்கு மட்டுமே பொருந்தியது. பங்களிப்பு 6.25 விழுக்காடு, ரூபாய்க்கு ஓர் அணா என்ற பழைய கணக்கின் தடம் அந்த எண்ணில் தெரிகிறது. முதலாளி பங்கு அன்றும் எளிதில் கைக்கு வரவில்லை. சில ஆண்டுகளே உறுப்பினராயிருந்து விலகுவோர் அதில் ஒரு பகுதியை இழந்தனர். அவ்வாறு இழந்த தொகைக்கென்றே தனிக் கணக்குத் தலைப்பு இருந்தது. திட்டம் மனத்திற்கொண்ட தொழிலாளி, ஒரே ஆலையில் முதுமைவரை பணிபுரிபவர். பின்னி ஆலையும் அதன்பின் வந்த பொதுத்துறை நிறுவனங்களும் கொண்ட பெங்களூருக்கு அந்தச் சித்திரம் ஓரளவு பொருந்தியிருக்கலாம். திருமணம், மகப்பேறு, ஊர் திரும்புதல், ஆலை மாறுதல் என்று இடையிடையே அறுபடும் ஆயத்த ஆடைத் தொழிலாளியின் பணிவாழ்வுக்கு அது பொருந்துவதில்லை.

பெயர்களிலும் இந்த இரட்டைத் தன்மை படிந்திருக்கிறது. தமிழ்நாட்டின் அலுவல் வழக்கில் இது ‘வருங்கால வைப்பு நிதி’. கன்னடத்திலும் இந்தியிலும் ‘பவிஷ்ய நிதி’. மூன்றும் காலத்தைச் சுட்டும் பெயர்கள். இலங்கைத் தமிழர் இதே வகை நிதியை ‘ஊழியர் சேமலாப நிதி’ என்பர். சிங்கப்பூரில் ‘மத்திய சேமநிதி’. ‘க்ஷேமம்’ என்பதன் தமிழ் வடிவமான ‘சேமம்’ நலத்தையும் காவலையும் குறிக்குமேயன்றிக் காலத்தைக் குறிக்காது. பெயர் விதியைத் தீர்மானிப்பதில்லை. சிங்கப்பூரின் சேமநிதி, எடுப்பதற்கு இந்திய நிதியைக் காட்டிலும் கடுமையான வயது வரம்புகள் கொண்டது. எனினும் 2016இன் பூசலை ‘வருங்காலம்’ என்ற சொல்லின் மீதான பூசலாகவும் படிக்க இடமுண்டு. அரசுக்கு அது 58ஆம் வயது. தொழிலாளிக்கு அது அடுத்த ஆண்டின் பள்ளிக் கட்டணம், அல்லது வேலையில்லாத அடுத்த இரண்டு மாதம்.

வருமானவரிச் சட்டம் இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வரையறையை வைத்திருந்தது: ஐந்து ஆண்டு. தொடர்ந்து ஐந்து ஆண்டு பணியாற்றியபின் எடுக்கும் தொகைக்கு வரியில்லை. அதற்குமுன் எடுத்தால், உடல்நலக் குறைவு, ஆலை மூடல் போன்ற விலக்குகள் நீங்கலாக, அது வரிக்குரியது. ஆலை மாறும்போது கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய ஆண்டுகளும் சேரும். பணத்தை எடுத்துவிட்டால் எண்ணிக்கை மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். பணிக்கொடைக்கும் ஐந்து ஆண்டே எல்லை என்பது கவனிக்கத்தக்கது. அந்த எல்லையைத் தொடுமுன் தொழிலாளர்கள் விலகத் தூண்டப்படுகிறார்கள் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்குமாயின், ஐந்தாம் ஆண்டுக்கு முன் விலகுபவர் பணிக்கொடையையும் இழந்து, வரிவிதியிலும் சிக்குகிறார்.

2015 ஜூன் முதல், இவ்வாறு முன்கூட்டி எடுக்கும் தொகை 30,000 ரூபாயை எட்டினால் அதிலேயே 10 விழுக்காடு வரி பிடிக்கப்பட்டது. பான் எண் இல்லாதவருக்குப் பிடித்தம் 34 விழுக்காட்டுக்கும் மேல். மேற்சொன்ன தையல் தொழிலாளியின் ஆண்டு ஊதியம் 84,000 ரூபாய். அன்றைய வரிவிலக்கு வரம்பு இரண்டரை லட்சம். அவர் செலுத்தவேண்டிய வரி ஏதுமில்லை. ஆனாலும் 52,000 ரூபாய்க்கு மேற்பட்ட அவர் கணக்கு பிடித்தத்தின் வலைக்குள் விழுந்தது. தப்பிக்க 15ஜி படிவம் தரவேண்டும். பான் எண் இன்றி அப்படிவம் செல்லாது. போராட்டத்துக்கு ஆறு வாரம் கழித்து, 2016 ஜூனில், வரம்பு 50,000 ஆக உயர்ந்தது. அப்போதும் நம் கணக்கிலுள்ள தொழிலாளி தப்பவில்லை.

இதே கணக்கைச் சுற்றி அதே இளவேனிலில் இன்னொரு பூசலும் நடந்தது. பிப்ரவரி 29 அன்று நிதியமைச்சர் அருண் ஜேட்லி தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டம், ஏப்ரல் முதல் செலுத்தப்படும் பங்களிப்புகளின் சேமிப்பில் 40 விழுக்காட்டுக்கே வரிவிலக்கு என்றது. எஞ்சியதை மாதாந்திர ஓய்வூதியமாக மாற்றத் தூண்டுவதும், தேசிய ஓய்வூதியத் திட்டத்துடன் இதைச் சமப்படுத்துவதும் நோக்கம். போடும்போதும் வளரும்போதும் எடுக்கும்போதும் வரியில்லை என்ற மும்முனை விலக்கு, நடுத்தர வர்க்கம் தன் உரிமையாகக் கருதி வந்த ஒன்று. எதிர்ப்பு நாளேடுகளிலும் தொலைக்காட்சியிலும் இணைய மனுக்களிலும் எழுந்தது. மார்ச் 8இல், எட்டே நாளில், மக்களவையில் அமைச்சர் அதைத் திரும்பப் பெற்றார்.

ஒரே கணக்குக்கு இரண்டு குடிமக்கள். மாதம் 15,000 ரூபாய் என்ற சட்ட ஊதிய வரம்புக்குள் இருப்போரை அந்த வரி தொடாது என அரசே விளக்கியிருந்தது. சந்தா செலுத்துவோர் 3.7 கோடிப் பேரில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் அவ்வரம்புக்குள் இருப்போர் என்பதும் அரசு தந்த கணக்கே. பெரும்பாலோரைத் தொடாத வரி நாடளாவிய விவாதமாயிற்று. அவர்களைத் தொட்ட பிப்ரவரி 10 அறிவிக்கை, ஓசூர் சாலை மறிக்கப்படும் வரை தலைப்புச் செய்தி ஆகவில்லை. ஓய்வூதியச் சேமிப்பு குறித்த வரலாறுகள் வரிச்சலுகையின் வரலாறாகவே எழுதப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்: வரி கட்டுவோரே ஆவணங்களை விட்டுச் செல்கின்றனர்.

2016இல் பின்வாங்கிய எண்ணம் மறைந்துவிடவில்லை. 2025 அக்டோபர் 13 அன்று வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு, கணக்கில் 25 விழுக்காடு எப்போதும் குறைந்தபட்ச இருப்பாக இருக்கவேண்டும் என்றும், வேலையிழந்தவர் முழுத்தொகையையும் பெற இரண்டு மாதத்துக்குப் பதில் 12 மாதம் காத்திருக்கவேண்டும் என்றும் முடிவெடுத்தது. பகுதித் தொகையை எடுக்கும் விதிகள் அதே கூட்டத்தில் தளர்த்தப்பட்டன. முழுத்தொகைக்கான வாயில் மூடப்படவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதத்துக்கு நகர்த்தப்பட்டது.